இரண்டரை கழித்துக்கொள்

செல்போனில் நேரம் தானாக மாறிக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. விமானத்தில் ஏறி வேறு நாட்டில் இறங்கினால் போன் தானே விசாரித்துக்கொண்டு அந்த ஊர் நேரத்துக்கு வந்துவிடும். மனிதர்களைவிடச் சீக்கிரம் ஊரோடு ஒத்துப்போகிற பொருள் அது.

பாப்பாரப்பட்டியில் சந்தைக்குப் போகிற சாலையில் நான் ஓர் இ-சேவை மையம் நடத்துகிறேன். என் பெயர் காவேரி. பட்டா, சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் எல்லாம் பார்ப்பேன், ஜெராக்ஸும் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் செல்லை என் கையில் கொடுத்து, "நீங்களே பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். ஓடிபி வந்தால் நானே படித்து நானே அடித்துக்கொள்வேன். பன்னிரண்டு வருடத்தில் ஒருவருக்கும் ஓர் எண்ணைக்கூட மாற்றி அடித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. போனைப் பற்றி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

என் தங்கை தேவிப்பிரியா சிங்கப்பூரில் நர்ஸ். முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றில் ஏழு வருடமாக வேலை செய்கிறாள். அவள் மகள் மலர்விழி எங்களிடம் வளர்கிறாள். எங்களிடம் என்றால் என்னிடமும் என் கணவர் தீர்த்தகிரியிடமும். வந்தபோது குழந்தைக்குப் பதினொரு மாதம், இப்போது எட்டு வயது. தேவியின் கணவன் கதிரவன் மைசூர் பக்கம் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அவனும் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

தேவி முதல்முறை விடுமுறையில் வந்தபோது அவள் போன் எல்லார் போனையும்போல நம் ஊர் நேரத்துக்கு மாறியது. அதனோடு அவள் வைத்திருந்த நினைவூட்டல்களும் அலாரங்களும் இடம் மாறின. அடுத்த மாத ஷிஃப்டை ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டிய நேரத்தைத் தவறவிட்டாள். திரும்பிப் போனதும் ஒரு மாதம் முழுக்க நைட் டியூட்டி போட்டுவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவள் அந்தத் தானாக மாறும் வசதியை அணைத்துவிட்டாள். எந்த ஊருக்குப் போனாலும் போன் சிங்கப்பூர் நேரத்திலேயே நிற்கும்.

"இருவது நாளுக்கு எதுக்குக்கா மாத்திக்கிட்டு? மனசுக்குள்ள ரெண்டரையக் கழிச்சா நம்ம ஊரு மணி. முடிஞ்சிது" என்பாள்.

உண்மையில் அது சுலபம்தான். ஓரிரு நாளில் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அவள் போனில் பத்தரை என்றால் இங்கே எட்டு. குழந்தை ஐந்து வயதிலேயே கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான். டீச்சர் என்னிடம் வீட்டில் நன்றாகச் சொல்லித்தருகிறீர்கள் என்றார். அம்மா மணி, பெரிம்மா மணி என்று இரண்டு மணி வைத்திருந்தாள் மலர்விழி. ஒருநாள் வீடியோ காலில் தன் அம்மா பேசி முடித்ததும் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"அம்மாவுக்கு எல்லாமே நமக்கு முன்னாடியே நடந்துருது இல்ல பெரிம்மா? நாளைக்கு டெஸ்ட்டுல என்னா கேள்வி வரும்னு கேளுங்க."

நான் சிரித்தேன். தேவி இங்கே வந்து பாயில் படுத்திருக்கும்போதும் அவள் போன் மட்டும் அங்கேயே இருப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். மதியம் ஒன்றரைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே போனைப் பார்த்து, "இந்நேரம் அங்க டீ குடுத்திருப்பாங்க" என்பாள். இருந்தாலும் நான் எதுவும் சொன்னதில்லை. அவரவர் போன், அவரவர் நேரம்.

போன டிசம்பரில் வந்தபோது அவள் வேறு மாதிரி இருந்தாள். மெலிந்திருந்தாள் என்று தீர்த்தகிரி சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. முடிவெடுத்தவள்போல இருந்தாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஜனவரிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் இன்னும் இரண்டு வருடம். போட விருப்பமில்லை என்றாள். நல்லம்பள்ளி பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டர் வேலைக்கு விளம்பரம் வந்திருந்தது. அதைக் காட்டி, "போட்டுக் குடுக்கா" என்றாள்.

நான்தான் போட்டுக்கொடுத்தேன். சான்றிதழ்களை எல்லாம் கோணல் இல்லாமல் ஸ்கேன் செய்தேன். அனுபவம் என்ற இடத்தில் அவள் நான்கு வரி எழுதியிருந்தாள். நான் அதைப் பதினொன்றாக்கினேன், பதினொன்றும் உண்மை. அவளுக்கு இங்கே நிலையான நம்பர் இல்லாததால் தொடர்பு எண்ணாக என் நம்பரைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அந்த நம்பருக்கே அழைப்பு வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். அவளைவிட அதிக மதிப்பெண் உள்ளவர்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று ஆபீசில் இருந்த பெண் பேச்சுவாக்கில் சொன்னாள். தேவி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை மாலை இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். மலர்விழியின் சீருடைப் பாவாடையைத் தூக்கிப் பிடித்து இடுப்பளவைப் பார்த்தாள் தேவி.

"வேல கெடச்சுருச்சுன்னா நல்லம்பள்ளியிலயே சின்னதா ஒரு வூடு பாத்துக்கறேங்க்கா. மலரையும் அங்கயே ஒரு ஸ்கூல்ல சேத்துரலாம். இத்தன வருசமா ஒனக்கும் மாமாவுக்கும் தொந்தரவு குடுத்தாச்சு."

"தொந்தரவெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

அது உண்மை. தொந்தரவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தச் சொல்லை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அவள் மடித்து வைத்த பாவாடையை எடுத்து நான் மறுபடி மடித்தேன். மடிப்பைத் தப்பாகப் பிடித்திருந்தாள்.

தேவி நல்ல தாய். அதை யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் சில விஷயங்கள் தெரியாது அவளுக்கு. பாலில் ஆடை மிதந்தால் மலர்விழி டம்ளரையே தொட மாட்டாள். தூங்கும்போது பக்கத்தில் இருப்பவரின் காது மடலைப் பிடித்துக்கொள்வாள், வலது காது மட்டும். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் அவளுக்குப் பேச்சு அதிகமாகும். இதையெல்லாம் தேவி கற்றுக்கொள்ள முடியாது என்று நான் சொல்லவில்லை. கற்றுக்கொள்கிறவரை குழந்தை என்ன செய்யும் என்பதுதான் என் கேள்வி. நியாயமான கேள்வி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொன்னதும் நீங்கள் மெல்லத் தலையாட்டுவீர்கள், காரணம் கிடைத்துவிட்டது என்று. அப்படி ஆட்டிய தலைகளை இந்த ஊரில் இருபது வருடமாகப் பார்த்திருக்கிறேன். அது காரணம் இல்லை. பிள்ளை வேண்டும் என்ற ஏக்கம் எல்லாம் எனக்கு முப்பத்தைந்து வயதிலேயே அடங்கிவிட்டது. நான் யோசித்தது முழுக்க மற்ற இருவரைப் பற்றித்தான். தேவிக்கு அங்கே பெரிய இல்லம், மரியாதை, சீனக் கிழவிகள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். இங்கே வந்தால் புருஷன் எங்கே என்று பால்காரரிலிருந்து எல்லோரும் கேட்பார்கள். மலர்விழிக்கு இங்கே பள்ளி, தோழி, அவளுடைய சைக்கிள். இரண்டு பேரும் இருக்கிற இடத்தில் நன்றாக இருக்கிறார்கள். நன்றாக இருக்கிற ஒன்றை எதற்காகக் கலைக்க வேண்டும்?

இதை நான் அவளிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால் வாக்குவாதம் வரும். எங்கள் வீட்டில் வாக்குவாதம் வந்ததே இல்லை.

சனிக்கிழமைக்கு என்று நான் தனியாக ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. அரைப்பரீட்சை லீவு விட்டிருந்ததால் மலர்விழி ஏரியூரில் என் நாத்தனார் குள்ளம்மாள் வீட்டுக்குப் போயிருந்தாள். அது லீவுக்கு லீவு நடப்பதுதான். முந்தின நாள் பெய்த மழையில் எங்கோ மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது. தீர்த்தகிரி லைன்மேன் என்பதால் விடியுமுன்னே கிளம்பிப் போய்விட்டார். வீட்டில் கரண்ட் இல்லை. ஹாலில் மாட்டியிருந்த கடிகாரம் நின்று மூன்று வருடம் இருக்கும். ஆளுக்கு ஒரு செல் இருக்கும்போது அதற்கு யார் பேட்டரி வாங்குவது? இவை எல்லாம் அவையாகவே அமைந்தவை. நான் மழை பெய்யச் சொல்லவில்லை.

தேவி தன் போனில் எட்டரைக்கு அலாரம் வைத்திருந்தாள். அதாவது நம் ஊர் ஆறு மணி. கையெட்டும் தூரத்தில் இருந்தால் அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவாள் என்பதால் போனை ஹாலில் டிவி மேல் வைத்துவிட்டு அறையில் படுத்திருந்தாள். "நீ எழுப்ப வேணாங்க்கா, நானே எந்திரிச்சுக்கறேன்" என்றும் சொல்லியிருந்தாள். சரி என்றேன்.

நான் எழுந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. வெந்நீர் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். அவள் போன் ஏழு இருபது என்று காட்டிக்கொண்டிருந்தது. வெளியே கும்மிருட்டு. இந்த இருட்டில் நின்றுகொண்டு ஏழு இருபது என்று கூசாமல் சொல்கிறதே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. எடுத்துப் பார்த்தேன். அதன் கடவு எண் மலர்விழியின் பிறந்த நாள். அந்த நாளில் கேக் வெட்டுவது என் வீட்டில்தான், அதனால் எனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. உள்ளே போய், தானாக மாறும் வசதியைத் தொட்டேன். ஒரு நொடிதான். ஏழு இருபது ஐந்துக்குப் பத்தாக மாறியது. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

நான் செய்தது இவ்வளவுதான். தப்பான மணி காட்டிக்கொண்டிருந்த ஒரு போனைச் சரியான மணி காட்டும்படி செய்தேன். என் கடையில் இதையே செய்திருந்தால் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அலாரம் எட்டரைக்கு அடித்தது. இந்த முறை நிஜமான எட்டரைக்கு. தேவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து அணைத்தாள். வாசல் கதவைத் திறந்து பார்த்தாள். மூட்டமும் தூறலுமாக இருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

"ஆறு மணிக்கே நல்லா விடிஞ்சுருச்சே" என்றாள்.

"நீ டிசம்பர்ல ஊருக்கு வந்து எத்தன வருசம் ஆச்சு" என்றேன்.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்து நான்கு என்றாள். காபி கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆறுதானக்கா?"

"ஒன் செல்லுல என்னா காட்டுது?"

"எட்டரை."

"அப்பறம் என்னா."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. யோசித்துப் பாருங்கள். அவள் கழித்தாள். கழிக்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

பத்தரைக்குக் கிளம்பினால் போதும் என்று அவள் மனதில் இருந்தது, அதாவது எட்டு மணிக்கு. அதனால் அவசரமில்லாமல் குளித்தாள். நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த பச்சைச் சேலையைக் கட்டினாள். கண்ணாடி முன்னால் நின்று, கேட்கப்போகிறவர்களுக்குப் பதில் சொல்வதுபோல மெதுவாகப் பேசிப் பார்த்தாள். நடுவில் ஒருமுறை, "என் மகளோட இருக்கணும்னுதான் சார் இந்த வேலைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அதை இன்டர்வியூவில் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டாள். கேட்டால் சொல், கேட்காவிட்டால் சொல்லாதே என்றேன். நல்ல யோசனை என்றாள்.

பத்தேகாலுக்கு அவள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. கல்லூரியிலிருந்து. அடுப்படிக்குப் பின்னால் போய் எடுத்தேன். தேவிப்பிரியா வரவில்லையே என்று அந்தப் பெண் கேட்டாள். கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். பதினொரு மணிவரை பார்க்கச் சொல்கிறேன் என்றாள், நல்ல பெண். சரிங்க என்றேன். உள்ளே வந்து தேவிக்கு இன்னொரு தோசை வைத்தேன். போதும் என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். அந்தத் தோசை நன்றாக வந்திருந்தது, ஓரம் முறுகலாக.

அடுத்து நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தர்மபுரி பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கியிருக்கிறாள். மெஷின் அடித்துக் கொடுத்த சீட்டில் பத்து ஐம்பத்துநாலு என்று இருந்திருக்கிறது.

"ஏனுங்க, உங்க மெசின்ல மணி தப்பா இருக்குதுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறாள்.

"கவர்மென்ட்டு மெசினும்மா. பஸ்ஸு வேணா லேட்டாவும், அது ஆவாது" என்று அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். சரிபார்க்கலாம் என்று போனை எடுத்திருக்கிறாள். அதிலும் பத்து ஐம்பத்துநாலு. பல வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் போனும் பஸ்ஸும் ஒரே மணியைச் சொல்லின. புரிய ஒரு நிமிடம் ஆனது என்றாள். புரிந்த பிறகு இறங்கவும் தோன்றவில்லையாம்.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டேகால். நேர்காணல் செய்தவர்கள் போய்விட்டார்கள். வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. அந்த ஆபீஸ் பெண் இவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். மறுபடி காலியிடம் வந்தால் கட்டாயம் கூப்பிடுகிறோம், உங்கள் பெயர்தான் முதலில் என்று சொல்லியிருக்கிறாள். நம்பரும் எங்களிடம் இருக்கிறதே என்றாளாம்.

சாயங்காலம் தேவி சேலையை மாற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

"காலேஜுல இருந்து ஒனக்கு போன் வந்துச்சாமேக்கா."

"வந்துச்சு. கெளம்பிக்கிட்டு இருக்கறாங்கன்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பதறுவ."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். செல்லை நீயா மாற்றினாய் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கூடச் சேந்து நீயும் எஞ்செல்லப் பாத்துக் கழிச்சுட்டியாக்கா. எல்லாம் என்னாலதான். இந்தச் சனியன் புடிச்ச செல்லு தானா மாறிக்கிச்சு போல, ராத்திரி என்னமோ அப்டேட்டுன்னு கேட்டுச்சு."

நான் மறுக்கவில்லை. தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்கிறவர்களைத் திருத்துவது கஷ்டம்.

தீர்த்தகிரி இரவுச் சாப்பாட்டின்போது ஒன்றே ஒன்று கேட்டார், செல் தானாக மாறுமா என்று. மாறும், அதற்குத்தானே அந்த வசதியே இருக்கிறது என்றேன். அவர் இருபத்திரண்டு வருடமாக லைன்மேன். எந்தக் கம்பியில் கரண்ட் ஓடுகிறது என்று தொட்டுப் பார்க்காமலே தெரிந்தவர். என்னையும் அவர் தொட்டுப் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

மலர்விழியிடம் தேவியே சொன்னாள். வேலை கிடைக்கவில்லை, அம்மா இன்னும் இரண்டு வருடம் கழித்து வருகிறேன் என்று. குழந்தை அழவில்லை. இரண்டு வருடத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டாள். எழுநூற்று முப்பது என்று தேவி சொன்னதும், அம்மா மணியிலா நம்ம மணியிலா என்று கேட்டாள். தேவி எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டாள். நான்தான் குழந்தைக்கு விளக்கினேன், நாளுக்கு அந்த வித்தியாசம் கிடையாது, எல்லா ஊரிலும் நாள் ஒன்றுதான் என்று.

ஜனவரி முதல் வாரத்தில் பெங்களூர் போய் வழியனுப்பினோம். உள்ளே போவதற்கு முன் தேவி என் காலைத் தொட்டாள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே இல்லை. "நீ இல்லன்னா எம்புள்ள என்னாயிருக்கும்" என்றாள். நான் உண்மையிலேயே அழுதேன். அழும்போது என் மனதில் வஞ்சகம் எதுவும் இல்லை, தங்கை போகிறாளே என்ற துக்கம் மட்டுந்தான். ஒருவர் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு அவர் போவதற்காக மனமார அழ முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடிகிறது. நானும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வீடியோ காலில் குழந்தையோடு பேசி முடித்ததும், தேவி என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பாள்.

"காலேஜுல இருந்து ஏதாச்சும் போன் வந்துச்சாக்கா?"

இல்லை என்பேன். அது உண்மை. பத்துப் பன்னிரண்டு ஞாயிறு இப்படியே போனது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அதே பெண். சேர்ந்தவர் கல்யாணமாகி வேலையை விட்டுவிட்டார், இந்தமுறை நேர்காணல்கூட வேண்டாம், ஆன்லைனில் பேசிக்கொள்ளலாம், ஜூனில் வந்து சேர்ந்தால் போதும் என்றாள். அங்கே ஒப்பந்தத்தை முறிக்கத் தேவையென்றால் கல்லூரியிலிருந்து கடிதம்கூடத் தருகிறோம் என்றாள். முன்பே சொன்னேன், நல்ல பெண்.

நான் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தேவிப்பிரியா அங்கேயே நிரந்தரமாகிவிட்டார்கள், இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். போனைச் சரிசெய்த அன்றைக்கு இருந்த படபடப்பில் பாதிகூட இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தேவி கேட்டபோது இல்லை என்றேன். பன்னிரண்டு தடவை சொன்ன பதிலைப் பதின்மூன்றாவது தடவை சொல்வதில் சிரமம் ஒன்றும் இல்லை. அவள் முகம் கொஞ்சம் விழுந்தது. பிறகு சிரித்தாள். அங்கே ஒரு பாட்டிக்குத் தொண்ணூறாவது பிறந்த நாள் கொண்டாடியதைப் பற்றிச் சொன்னாள். நிம்மதியாகத்தான் இருக்கிறாள்.

போன வாரம் மலர்விழியின் ஒரு கால் செருப்பைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். உள்ளே சுவரோரமாக அவளுடைய பழைய ஸ்கூல் பை இருந்தது. இழுத்துத் திறந்தேன். இரண்டு கவுன், ஒரு பிரஷ், ஒரு சீப்பு, பாதி தீர்ந்த சோப்பு, அவள் படம் ஒட்டிய ரேங்க் கார்டு. எப்போது கட்டி வைத்தாளோ, கவுனில் பூசணம் பிடித்திருந்தது. எடுத்து ஊறவைத்து அலசிக் காயப்போட்டேன். மடித்து அலமாரியில் அதனதன் இடத்தில் வைத்தேன். அவள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தாள், பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டு நாள் கழித்துப் பெருக்கும்போது துடைப்பம் எதிலோ தட்டியது. பை திரும்பவும் அங்கேயே இருந்தது. கவுன் இரண்டும் உள்ளே, நான் மடித்த மடிப்புக் கலையாமல்.

நான் அதை எடுக்கவில்லை. குழந்தைகளுக்கு இந்த வயதில் இப்படி ஏதாவது ஒரு விளையாட்டு இருக்கும்.